ஜோர்டனைட்: ஓர் அபூர்வ ஈயக் கனிமத்தின் இயல்பும் இருப்பிடமும்

ஒரு கனிமத்தை அபூர்வமானது என்று சொல்லும்போது, அதில் அடங்கிய தனிமங்கள் கிடைத்தற்கரியவை என்றே பலரும் கருதிக்கொள்கின்றனர். பொன்னையும் பிளாட்டினத்தையும் பொறுத்தவரை அக்கருத்துப் பிழையும் அன்று. ஆயினும், எங்கும் கிடைக்கும் தனிமங்களே சேர்ந்திருந்தும், அவை சேர்ந்த அந்தச் சேர்க்கை மட்டும் உலகத்தில் விரல்விட்டு எண்ணத்தக்க இடங்களிலேயே காணப்படும் என்றால், அந்த அபூர்வத்துக்குக் காரணம் வேறெங்கோ இருத்தல் வேண்டும். ஈயமும் ஆர்சனிக்கும் கந்தகமும் தாதுச் சுரங்கங்களில் நாள்தோறும் தட்டுப்படுபவை. இம்மூன்று மட்டும் கூடிப் பிறந்த ஜோர்டனைட் என்னும் கனிமமோ, நல்ல படிகங்களாகப் பெரும்பாலும் சுவிட்சர்லாந்து நாட்டின் ஒரு சிறு கற்சுரங்கத்திலிருந்தே கிடைத்து வந்திருக்கிறது. அக்கனிமத்தின் லட்சணங்கள் யாவை, அதன் உள்ளமைப்பு எத்தகையது, எத்தகைய நிலங்களில் அது தோன்றுகிறது, அதன் பிறப்பைக் குறித்து அறிஞர்களிடையே எழுந்த கருத்து வேற்றுமை என்ன என்பவற்றை இக்கட்டுரை ஒழுங்குற ஆராய முயல்கிறது.

ஈயக் கந்தகச் சேர்மங்களுள் மிக எளியது கலீனா. அதில் ஓர் ஈய அணுவுக்கு ஒரு கந்தக அணு என்ற கணக்கன்றி வேறு சிக்கல் இல்லை. சல்ஃபோ உப்புகள் எனப்படும் கனிமங்களில் உலோகத்துக்கும் கந்தகத்துக்கும் இடையே ஆர்சனிக், ஆண்டிமனி, பிஸ்மத் என்னும் மூன்றில் ஒன்றோ பலவோ வந்து சேர்கின்றன. ஆர்சனிக்கின் அணு மூன்று கந்தக அணுக்களோடு மட்டுமே இறுகப் பிணைந்து, அம்மூன்றையும் அடித்தளமாகக் கொண்ட ஒரு தாழ்ந்த கூம்பின் உச்சியில் அமர்ந்திருக்கும். பிணைப்பில் பங்கு பெறாத ஓர் எலக்ட்ரான் இணை அதன் மறுபக்கத்தை ஆக்கிரமித்துக் கொள்வதால், அந்தப் பக்கத்தில் வேறு அணு எதுவும் நெருங்க இயலாத ஒரு வெற்றிடம் உண்டாகிறது. கலீனாவின் சீரான கனசதுர அடுக்கை ஒவ்வோரிடத்திலும் வளைத்தும் முறித்தும் புதுப்புது உருவங்களாக மாற்றுவது இந்த வெற்றிடமே. சல்ஃபோ உப்புகளின் வகைகள் பெருகியிருப்பதற்கும், அவற்றின் அமைப்பை அறிவது கடினமாயிருப்பதற்கும் அடிப்படை இதுதான்.

ஈயமும் ஆர்சனிக்கும் கந்தகமும் மட்டுமே சேரும் கனிமங்களை, ஈய சல்ஃபைடும் ஆர்சனிக் சல்ஃபைடும் எந்த விகிதத்தில் கலந்துள்ளன என்ற நோக்கில் ஒரு வரிசையாக நிறுத்தலாம். இரண்டும் சரிபாதியாகச் சேர்ந்தது சார்ட்டோரைட். மூன்றுக்கு இரண்டு பௌம்ஹவரைட். இரண்டுக்கு ஒன்று டுஃப்ரெனோய்சைட். பதினான்குக்கு மூன்று ஜோர்டனைட். எடைக் கணக்கில் பார்த்தால் சார்ட்டோரைட்டில் ஈயம் நூற்றுக்கு ஏறக்குறைய 43 பங்கும், பௌம்ஹவரைட்டில் 51 பங்கும், டுஃப்ரெனோய்சைட்டில் 57 பங்கும், ஜோர்டனைட்டில் 71 பங்கும் அமைந்திருக்கின்றன. கலீனாவிலோ அது 87 பங்கை நெருங்குகிறது. ஆகவே, இந்த வரிசையில் கலீனாவுக்கு மிக அருகில் நிற்பவற்றுள் ஒன்று ஜோர்டனைட். அதன் வாய்பாட்டில் 14 ஈய அணுக்களும் 6 ஆர்சனிக் அணுக்களும் 23 கந்தக அணுக்களும் உள்ளன. ஆர்சனிக்கின் இடத்தில் ஆண்டிமனி ஓரளவு புகுந்திருத்தலும் வழக்கம்.

இவ்வளவு தெளிவாக இன்று சொல்லக்கூடிய இந்தப் பாகுபாடு, பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் பெருங்குழப்பமாகவே இருந்தது. வாலிஸ் மாநிலத்தில் இத்தாலிய எல்லையை ஒட்டிய ‘பின்’ என்னும் பள்ளத்தாக்கில், வெண்ணிற டோலமைட் பாறையிலிருந்து எடுக்கப்பட்ட சாம்பல் நிறப் படிகங்களை 1845இல் ஆராய்ந்த டமூர் என்ற பிரெஞ்சு ரசாயனர், தாம் பகுத்தாராய்ந்த பொருளுக்குத் தம் நாட்டுக் கனிமவியலாளர் டுஃப்ரெனோயின் பெயரைச் சூட்டினார். ஆனால் அப்பொருளின் படிக உருவம் என்று அவர் வருணித்ததோ, அதே பாறையில் உடன் கிடந்த வேறொரு செம்புக் கனிமத்தினுடையதாக இருந்தது. பின்னர் கோட்டிங்கன் நகரத்துச் சார்ட்டோரியஸ் ஃபான் வால்டர்ஸ்ஹௌசன் இக்கனிமங்களை மேலும் ஆராய்ந்து புதுப் பெயர்களை வழங்கினாராயினும், எந்தப் பெயர் எந்தப் பொருளுக்கு உரியது என்ற சிக்கல் தீரவில்லை. பான் நகரத்துக் கனிமவியலாளர் கெர்ஹார்ட் ஃபோம் ராட் 1864இல் படிகக் கோணங்களையும் ரசாயனப் பகுப்பையும் ஒன்றோடொன்று ஒத்துப் பார்த்து, மூன்று வேறு கனிமங்கள் ஒரே தோற்றத்தில் மறைந்திருப்பதை நிர்ணயம் செய்தார். அம்மூன்றுள் புதியதாக அவர் கண்ட ஒன்றுக்கு, ஆராய்ச்சிக்குரிய மாதிரிகளைத் தந்துதவிய ஸார்ப்ரூக்கன் நகரத்து டாக்டர் ஜோர்டனின் பெயரை இட்டார்.

அதன்பின் ஆராய்ச்சி இரு தலைமுறைகளாக வேகம் கொண்டது. ஃப்ரைபூர்க் பல்கலைக்கழகத்துப் பௌம்ஹவர் ஜோர்டனைட்டின் எண்ணற்ற முகங்களையும் அதன் இரட்டைப் படிக அடுக்குகளையும் நுணுகி ஆராய்ந்ததோடு, 1896இல் ராத்தைட் என்ற கனிமத்தையும், 1901இல் செலிக்மனைட் என்ற கனிமத்தையும் உலகுக்கு அறிவித்தார். கேம்பிரிட்ஜைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாரிசன் ஸோலி, இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில் இதே பள்ளத்தாக்கின் மாதிரிகளிலிருந்து பௌம்ஹவரைட், லிவைங்கைட், ஹட்சின்ஸனைட், லெங்கன்பாகைட், ஸ்மித்தைட் எனப் பல கனிமங்களை ஒன்றன்பின் ஒன்றாக வருணித்தார். ஃபோம் ராட்டின் பெயரால் ராத்தைட்டும், பௌம்ஹவரின் பெயரால் பௌம்ஹவரைட்டும், சார்ட்டோரியஸின் பெயரால் சார்ட்டோரைட்டும் வழங்கி வருவதால், இக்கனிமங்களின் பெயர்ப்பட்டியலே அவற்றை ஆராய்ந்தோர் வரலாறாகவும் அமைந்துவிட்டது.

இனி ஜோர்டனைட்டின் புற இயல்புகளை நோக்குவோம். நிறம் ஈயச் சாம்பல். புதிதாக உடைந்த பரப்பில் உலோகப் பளபளப்பு மிகுந்திருக்கும். காற்றுப் பட்டு நாளடைவில் மங்கும் படிகங்களில் நீலமும் ஊதாவும் பச்சையும் கலந்த வானவில் சாயல் படர்வதுண்டு. ஒளி ஊடுருவுவதில்லை. கடினத்தன்மை மோஸ் அளவையில் 3; ஒப்படர்த்தி ஏறக்குறைய 6.4 ஆதலால், கையிலெடுத்த மாத்திரத்திலேயே அதன் கனம் புலப்படும். ஒரு திசையில் மட்டும் மிகச் செம்மையான பிளவு உண்டு. படிகம் ஒற்றைச் சரிவுத் தொகுதியைச் சேர்ந்ததாயினும், வெளித்தோற்றத்தில் அறுகோணத் தகடு போலவே காணப்படும். இத்தோற்றத்துக்குக் காரணம் அதன் உள்ளளவுகளிலேயே இருக்கிறது: படிக அலகின் இரு சிறு பக்கங்கள் முறையே 8.9, 8.5 ஆங்ஸ்ட்ராம் என்று ஏறத்தாழச் சமமாகவும், அவற்றின் இடைக்கோணம் 118 டிகிரியை ஒட்டியும் இருப்பதால், உண்மையான அறுகோணத்துக்குரிய 120 டிகிரியிலிருந்து அது சிறிதே விலகி நிற்கிறது. இந்தச் சிறு விலகலே, படிகம் வளரும்போது திசை மாறி அடுக்கடுக்காக இரட்டைப்படுவதற்கும் இடம் கொடுக்கிறது. பல மாதிரிகளில் மெல்லிய இரட்டைத் தகடுகளின் எல்லைக் கோடுகள் முகத்தின் மேலேயே வரிகளாகப் புலப்படுகின்றன.

உடன் பிறந்த கனிமங்களிலிருந்து ஜோர்டனைட்டைப் பிரித்தறிய எளிய சோதனை ஒன்று உண்டு. மெருகிடாத பீங்கான் தகட்டில் உரைத்தால் டுஃப்ரெனோய்சைட்டும் சார்ட்டோரைட்டும் பௌம்ஹவரைட்டும் செம்பழுப்பு அல்லது காப்பிப் பழுப்பு நிறக் கீற்றைத் தருகின்றன. ஜோர்டனைட்டின் கீற்றோ கருமையானது. ஆர்சனிக் மிகுந்த கனிமங்களில் மெல்லிய விளிம்புகள் சிவந்த ஒளியை ஓரளவு கசியவிடுவதும், ஈயம் மிகுந்த ஜோர்டனைட்டில் அவ்வாறு கசியாமையும் இவ்வேற்றுமைக்கு உடன்பட்ட லட்சணங்களே. இன்னும், சார்ட்டோரைட் மிக எளிதில் நொறுங்குவது; லெங்கன்பாகைட் மெல்லிய ஏடுகளாக வளைந்து கொடுப்பது. எனினும் இச்சோதனைகள் முதல் ஐயத்தை நீக்கவல்லனவே ஒழிய, முடிவான நிர்ணயத்துக்கு எக்ஸ்-கதிர்ப் பரிசோதனையும் நுண்பகுப்பாய்வும் இன்றியமையாதவை.

அந்த எக்ஸ்-கதிர்ப் பரிசோதனையின் பயனாகவே, ஜோர்டனைட்டின் உள்ளமைப்பு 1970களில் தெளிவடைந்தது. பெர்ன் பல்கலைக்கழகத்தில் வெர்னர் நோவாக்கியும் அவருடன் பணியாற்றிய இட்டோவும் 1974இல் வெளியிட்ட ஆராய்ச்சியின்படி, கலீனாவின் அமைப்பை ஒத்த ஈய-கந்தகப் பாளங்கள் சற்றே உருச்சிதைந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்க, ஆர்சனிக் அணுக்கள் அவற்றினிடையே குறிப்பிட்ட இடங்களில் தத்தம் மூன்று கந்தக அணுக்களோடு அமர்ந்திருக்கின்றன. படிக அலகின் நீண்ட பக்கம் 31.9 ஆங்ஸ்ட்ராம் அளவுக்கு நீள்வதும், அதற்குக் குறுக்காகப் பிளவு மிகச் செம்மையாக அமைவதும் இந்த அடுக்கமைப்பின் விளைவுகள். ஆர்சனிக் இருக்கும் இடங்களில் ஆண்டிமனி தாராளமாகப் புகலாம். ஆண்டிமனி மேலோங்கினால் அக்கனிமம் ஜியோக்ரோனைட் என்ற பெயர் பெறுகிறது. ஸ்வீடனின் ஸாலா வெள்ளிச் சுரங்கத்திலிருந்து 1839இலேயே அறியப்பட்ட இதுவும் ஜோர்டனைட்டும் ஒரே அமைப்பின் இரு எல்லைகள். இடைப்பட்ட கலவைகளும் இயற்கையில் உண்டு.

சார்ட்டோரைட் முதலிய ஆர்சனிக் மிகுந்த கனிமங்களின் கதை இதனினும் சிக்கலானது. அவற்றில் ஈய அணுக்கள் ஒன்பது கந்தக அணுக்களால் சூழப்பட்ட முக்கோணப் பட்டக வரிசைகளாக நின்று சுவர்கள் போல் அமைய, அச்சுவர்களுக்கு இடையிலுள்ள பகுதியின் அகலம் மூன்று அலகாகவோ நான்கு அலகாகவோ இருக்கிறது. எல்லாப் பகுதிகளும் மூன்று அலகானால் சார்ட்டோரைட். எல்லாம் நான்கானால் டுஃப்ரெனோய்சைட்டும் ராத்தைட்டும். மூன்றும் நான்கும் மாறிமாறி வந்தால் பௌம்ஹவரைட். இரண்டும் வேறு ஒழுங்கில் கலந்தால் லிவைங்கைட். கோபன்ஹேகனைச் சேர்ந்த எமில் மகோவிக்கி இத்தகைய குடும்பங்களைப் பொதுவிதி ஒன்றில் அடக்கிக் காட்டியதன் பிறகுதான், இடைநிலை விகிதங்கள் வெறும் கலப்படங்கள் அல்ல, தமக்கென ஒழுங்குடைய தனிக் கனிமங்கள் என்பது உறுதிப்பட்டது. அண்மைக் காலத்தில் சார்ட்டோரைட் என்ற ஒரே பெயருக்குள்ளும் பிரிவுகள் காணப்பட்டு, அடிப்படை அலகு ஏழு மடங்கு, ஒன்பது மடங்கு, பதினொரு மடங்கு என நீளுவதற்கேற்ப ஹெப்டாசார்ட்டோரைட், என்னியாசார்ட்டோரைட், ஹெண்டெக்காசார்ட்டோரைட் என மூன்று கனிமங்கள் வகுக்கப்பட்டுள்ளன.

இப்பிரிவுகளுக்குக் காரணமான சூத்திரதாரி பெரும்பாலும் தாலியம் என்னும் உலோகமே. இரண்டு ஈய அணுக்களின் இடத்தை ஒரு தாலிய அணுவும் ஓர் ஆர்சனிக் அணுவும் சேர்ந்து எடுத்துக்கொண்டால் மின்னேற்றக் கணக்கு மாறுவதில்லை. வெள்ளியும் அவ்வாறே ஆர்சனிக்குடன் இணைந்து ஈயத்தின் இடம் புகும். இம்மாற்றம் சிறிதளவே நிகழினும் அணுவரிசையின் ஒழுங்கு திரிந்து புதிய கனிமம் தோன்றிவிடுகிறது. தாலியம் எந்தச் சுரங்கத்தில் கணிசமாக இருக்கிறதோ அங்கே கனிமங்களின் எண்ணிக்கையும் பெருகுவதற்கு இதுவே விளக்கம்.

அத்தகைய இடம்தான் லெங்கன்பாக். பின் பள்ளத்தாக்கில் ஃபெல்ட் என்ற சிற்றூருக்கு அருகே, கடல்மட்டத்துக்கு மேல் 1,600 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் அமைந்த இக்கற்சுரங்கத்தில், சர்க்கரைக் கட்டி போல் மணிமணியாக உதிரும் வெண்டோலமைட் பாறையே எங்கும் காணப்படுகிறது. டிரையாசிக் காலத்துக் கடலில் படிந்த இப்பாறை, ஆல்ப்ஸ் மலைத்தொடர் எழுந்தபோது ஆழத்தில் புதையுண்டு, ஏறக்குறைய 500 டிகிரி செல்சியஸ் வெப்பத்துக்கு ஆளாகி உருமாறியது. அதனுள் பைரைட்டும், கலீனாவும், துத்தநாகக் கனிமமாகிய ஸ்ஃபாலரைட்டும் மெல்லிய பட்டைகளாக ஓட, பாறையின் சிறு பொந்துகளில் சல்ஃபோ உப்புகள் தனித்தனிப் படிகங்களாக வளர்ந்திருக்கின்றன. நம் சித்த வைத்தியர்கள் நெடுங்காலமாக அறிந்த ஆர்சனிக் சல்ஃபைடுகளாகிய மனோசிலையும் அரிதாரமும் இங்கே செம்மஞ்சள் நிறத்தில் அவற்றோடு கலந்து கிடக்கின்றன. ஜோர்டனைட் இங்குச் சில சென்டிமீட்டர் அளவுள்ள படிகங்களாகவும் கிடைத்ததுண்டு. நெடுநாள் கைவிடப்பட்டுக் கிடந்த இச்சுரங்கத்தை 1958 முதல் சுவிஸ் அறிஞர்களும் சேகரிப்பாளர்களும் கூட்டாக நிறுவிய குழுவொன்று, தாதுவுக்காக அன்றி ஆராய்ச்சிக்காகவே வெட்டத் தொடங்கியது. அம்முயற்சி பின்வந்த குழுக்களாலும் தொடரப்பட்டது. இன்று நூற்றைம்பதுக்கும் மேற்பட்ட கனிமங்கள் இவ்வொரு சுரங்கத்திலிருந்து அறியப்பட்டிருக்கின்றன. அவற்றுள் முப்பதுக்கும் மேற்பட்டவை உலகுக்கு முதன்முதலாக இங்கிருந்தே அறிமுகமானவை.

இத்துணை ஆர்சனிக்கும் தாலியமும் இச்சிறு டோலமைட் பாறைக்கு எவ்வாறு வந்தன என்பதே லெங்கன்பாக் ஆராய்ச்சியின் மையக் கேள்வி. இதற்கு இரு விடைகள் கூறப்பட்டன. பாஸல் நகரத்துக் கனிமவியலாளர் ஸ்டெஃபான் கிரேஸர் 1960களில் முன்வைத்த கருத்தின்படி, அண்டையிலுள்ள நைஸ் பாறைகளில் செம்பும் ஆர்சனிக்கும் முன்னமே செறிந்திருந்தன. ஆல்ப்ஸ் உருமாற்றத்தின்போது வெந்நீர்க் கரைசல்கள் அந்த ஆர்சனிக்கைக் கரைத்துக்கொண்டு டோலமைட்டுக்குள் புகுந்து, அங்கே இருந்த கலீனா முதலியவற்றோடு வினைபுரிந்து சல்ஃபோ உப்புகளை ஆக்கின. சுவிஸ்-இத்தாலிய எல்லையிலுள்ள செர்பாடுங் மலைப்பகுதியின் நைஸ் பாறைகளில் அஸ்பெகாசைட், காஃபார்சைட் போன்ற ஆர்சனிக் கனிமங்கள் கிடைப்பது இக்கருத்துக்கு வலுவூட்டியது.

1990களில் பேடா ஹோஃப்மனும் அவரோடு ஆராய்ந்த நில்லும் இதற்கு மாறான முடிவுக்கு வந்தனர். ஈயம், துத்தநாகம், ஆர்சனிக், தாலியம், பேரியம் ஆகிய யாவும் உருமாற்றத்துக்கு முன்பே இப்பாறையில் சேர்ந்திருந்தன. உருமாற்றம் அவற்றைப் புறத்திலிருந்து கொணரவில்லை, இருந்த இடத்திலேயே மறுசீரமைத்தது என்பது அவர்கள் துணிபு. இதனோடு ஹோஃப்மன் 1994இல் கூறிய மற்றொரு கருத்து மிகவும் சிந்திக்கத் தக்கது. ஆர்சனிக் மிகுந்த கந்தகச் சேர்மங்கள் 300 டிகிரி செல்சியஸை ஒட்டிய வெப்பத்திலேயே உருகத் தொடங்குவன. ஆகவே, டோலமைட் பாறை 500 டிகிரி வெப்பத்தில் திடநிலை குலையாமல் நிற்க, அதனுள் அடங்கிய கந்தகப் பகுதி மட்டும் உருகித் திரவமாகியிருத்தல் கூடும். அத்திரவம் பின்னர் மிக மெதுவாகக் குளிர்ந்தபோது, ஈயம் மிகுந்த கனிமங்கள் முன்னும் ஆர்சனிக் மிகுந்தவை பின்னுமாகப் பிரிந்து படிந்தன எனக் கொண்டால், ஒரே சுரங்கத்தில் ஜோர்டனைட் முதல் சார்ட்டோரைட் வரையும் அதற்கப்பால் மனோசிலை வரையும் ஒரு முழு வரிசையைக் காண்பது இயல்பான விளைவாகிறது. மேலும், தாலியமும் வெள்ளியும் முதலில் படிந்த கனிமங்களில் அதிகம் இடம் பெறாமல் எஞ்சிய திரவத்தில் செறிந்து கொண்டே சென்றிருக்கும் என்பதும் இக்கொள்கையோடு பொருந்தும். கிரேஸரின் கொள்கை அண்டைப் பாறைகளின் ஆர்சனிக்கை நன்கு விளக்குகிறதாயினும், லெங்கன்பாக் சுரங்கத்தினுள் காணும் இவ்வரிசை ஒழுங்கை ஹோஃப்மனின் கொள்கையே கூடுதலாக விளக்குகிறது என்பது நமக்குத் தோன்றும் முடிவு.

லெங்கன்பாகுக்கு அப்பால் ஜோர்டனைட் கிடைக்கும் இடங்களை நோக்கினால் அதன் வாழ்க்கையின் மற்றொரு பக்கம் புலனாகிறது. டிரான்சில்வேனியாவில் டெலூரியப் பொற்கனிமங்களுக்குப் புகழ்பெற்ற நாக்யாக் சுரங்கத்திலும், ஜப்பானில் அவோமோரி மாநிலத்துச் சுரங்கங்களிலும் எரிமலை சம்பந்தமான வெந்நீர் நாளங்களில் அது தோன்றியுள்ளது. மேல் சைலீசியாவின் பியூத்தன் பகுதியிலும், ஜெர்மனியின் வீஸ்லாக்கிலும், சுண்ணாம்புப் பாறையில் தாழ்ந்த வெப்பத்தில் படிந்த ஈய-துத்தநாகத் தாதுக்களினிடையே, படிக முகம் எதுவும் இன்றிப் படலம் படலமாக உறைந்த உருவில் அது காணப்படுகிறது. அதாவது, மிதமான வெப்பமுள்ள நீரிலிருந்தும் அது படியும். உருகிய கந்தகச் சேர்மத் திரவத்திலிருந்தும் பிறக்கக்கூடும். அதன் அபூர்வம் பிறப்பின் அருமையினால் வந்ததன்று. ஆர்சனிக் ஏராளமாகக் கிடைத்தும், அந்த ஆர்சனிக்கை இரும்பும் செம்பும் தமக்கென்று கவர்ந்து கொள்ளாமல், ஈயத்துக்கு விட்டுவைக்கும் சூழ்நிலை அரிதாயிருப்பதனால் வந்தது. இரும்பு ஆர்சனிக்கைக் கண்டால் ஆர்செனோபைரைட்டாகவும், செம்பு கண்டால் டென்னன்டைட்டாகவும் எளிதில் மாறிவிடுகின்றன. தாதுக்களில் ஈயம் பெரும்பாலும் கலீனாவாகவே நின்றுவிடுவதன் காரணம் இதுவே.

வீஸ்லாக்கில் ஜோர்டனைட்டோடு கிராட்டனைட் என்ற கனிமமும் உடன் கிடைக்கிறது. பெரு நாட்டின் செர்ரோ தெ பாஸ்கோ சுரங்கத்திலிருந்து இரண்டாம் உலகப்போர் தொடங்கிய காலத்தில் வருணிக்கப்பட்டு, சுரங்கவியல் அறிஞர் கிராட்டனின் பெயர் பெற்ற இதில் ஒன்பதுக்கு இரண்டு என்ற விகிதத்தில் ஈய சல்ஃபைடும் ஆர்சனிக் சல்ஃபைடும் சேர்ந்துள்ளன. ஈயத்தின் எடைப்பங்கு ஜோர்டனைட்டினின்று அரைப்பங்கு அளவே குறைவு. இவ்வளவு நெருங்கிய கலவைகள் இரு வேறு உருவம் பூணுவதற்கு வெப்பமே காரணம் என்றும், ஏறக்குறைய 250 டிகிரிக்கு மேல் கிராட்டனைட் நிலைத்து நிற்பதில்லை என்றும் சோதனைச்சாலை ஆராய்ச்சிகள் காட்டியுள்ளன. ஆகவே, இரண்டும் ஒருங்கே கிடைக்குமிடத்தில் அவை தாது படிந்த வெப்பநிலைக்குச் சாட்சிகளாகவும் நிற்கின்றன.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில் மேடாக் அருகேயுள்ள பளிங்குப் பாறைக் குழியும் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. அங்கிருந்து 1960களின் இறுதியில் கனிமவியலாளர் ஜாம்போர் வருணித்த மேடோசைட், வீனைட், ட்வின்னைட், குவெட்டார்டைட் முதலியன ஆண்டிமனி மேலோங்கிய ஈய சல்ஃபோ உப்புகள். மேடாக்கின் பளிங்கும் லெங்கன்பாகின் டோலமைட்டும் இரும்பு குறைந்த கார்பனேட் பாறைகள். இரண்டும் உருமாற்றத்துக்கு ஆளானவை. இரண்டும் கனிம வகைகளில் வியக்கத்தக்க செழிப்புடையவை. ஒரு கண்டத்துக்கு ஆர்சனிக்கும் மறு கண்டத்துக்கு ஆண்டிமனியும் வாய்த்தன என்பதைத் தவிர, இவ்விரு இடங்களின் ஒற்றுமை தற்செயலானதாகத் தோன்றவில்லை.

ஈயத்துக்காக ஜோர்டனைட்டை வெட்டியெடுப்பார் எவரும் இல்லை. அதற்கெனப் பொருளாதாரப் பயன் ஒன்றும் இல்லை. அதன் பயன் அறிவுத் துறையைச் சேர்ந்தது: ஒரு தாது எந்த வெப்பத்தில், எத்தகைய கந்தகச் செறிவில் படிந்தது என்பதை உணர்த்துவதிலும், சுரங்கத் தாதுவில் ஆர்சனிக் எவ்வுருவில் ஒளிந்திருக்கிறது என்பதை அறிவதிலும், கலீனாவின் எளிய அமைப்பு எவ்வாறெல்லாம் சிதைந்து வளரவல்லது என்பதைக் காட்டுவதிலும் அது துணை செய்கிறது.

இவற்றிலிருந்து நடைமுறைக்குரிய முடிவு ஒன்று பெறப்படுகிறது. ஃபோம் ராட்டின் காலத்தில் ஒன்றாகக் கருதப்பட்டவை மூன்றாயின. ஸோலியின் காலத்தில் மூன்று பத்தாயின. நுண்பகுப்பாய்வின் காலத்தில் சார்ட்டோரைட் ஒன்றே பலவாயிற்று. இவற்றுள் ஒவ்வொரு பிரிவும் புதிய சுரங்கம் வெட்டியதனால் மட்டும் வந்ததன்று. பழைய மாதிரியைப் புதிய கருவியால் மீண்டும் நோக்கியதனாலும் வந்தது. ஆதலால், ஐரோப்பிய அருங்காட்சியகங்களின் இழுப்பறைகளில் பழைய கையெழுத்தில் பெயரெழுதி வைக்கப்பட்டுள்ள பின் பள்ளத்தாக்கு மாதிரிகளை, முடிந்த கணக்குகளாகக் கொள்ளாமல், இன்னும் விசாரணையில் இருக்கும் வழக்குகளாகவே ஆராய்ச்சியாளர் கொள்ளுதல் தகும். ஜோர்டனைட்டைப் போல் அமைப்பு ஐயமறத் தெளிந்த கனிமங்கள் அவ்விசாரணைக்கு அளவுகோலாக நின்று உதவும்.